பக்க விளக்கு

தோல் மருத்துவமனையில் முகங்களைப் படம் எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து முகம். பருத் தழும்பு, பரு போன இடத்தில் குடியேறிய கரும்புள்ளி, மங்கு என்று வரிசையாக வந்து உட்காருவார்கள். "கண்ணாடியக் கழட்டுங்க. முடியப் பின்னால தள்ளுங்க. சிரிக்காதீங்க." பதினோரு வருடமாக இதே மூன்று வாக்கியங்கள். இவற்றைச் சொல்வதற்கா பட்டம் வாங்கினேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்ட காலமும் போய்விட்டது.

இதில் ஒரு முறை உண்டு. முதல் படத்துக்குப் பக்க விளக்கு. வெளிச்சம் சாய்வாக விழுந்தால் கன்னத்தில் உள்ள ஒவ்வொரு குழியும் கிணறாகத் தெரியும். சிகிச்சை தொடங்கிய பிறகு எடுக்கும் படங்களுக்கு முன்விளக்கு. அது நேராக அடித்துக் குழியை மறைக்கும், கறுப்பையும் வெளுப்பாக்கும். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்காக டாக்டரம்மா எப்போதோ சொன்ன வழி இது. நாளடைவில் எல்லாருக்கும் அப்படியே ஆகிவிட்டது. என் கை தானாகச் சுவிட்சைத் தட்டிவிடும்.

என் நாத்தனாருக்கும் அப்படித்தான் தட்டியது.

நாத்தனார் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இருபத்தாறு வயது. ஒரு அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசுகிற வேலை. குரல் தேன். ஆனால் நேரில் பேசும்போது, பருத் தழும்பை மறைக்க உள்ளங்கையைக் கன்னத்தில் ஒட்டவைத்துக்கொள்வாள். புதிதாகப் பார்ப்பவர்கள் பல்வலியா என்று கேட்பார்கள். முன்பக்க மேசைக்கு அவளை மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். "இந்த மூஞ்சியோட அங்க உக்கார மாட்டேன் அண்ணி" என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான்தான் கூட்டி வந்தேன். ஆறு தடவை லேசர் என்று முடிவானது.

இரண்டாவது தடவை வந்தபோது எடுத்த படத்தைப் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்றாவது படத்தைக் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டுக் கண்ணாடியில் வேறு மாதிரி தெரிந்தபோதெல்லாம், கண்ணாடி பழசு என்று அதன்மேல் பழியைப் போட்டாள். மேலாளரிடம் சரி என்றும் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு ஆளைப் பார்க்க நேரமில்லை. திரையில் படங்களை அடுத்தடுத்துத் தட்டிப் பார்த்து, லேசரின் சூட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்லிவிடுவார். விளக்கு விஷயம் தன் யோசனை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. "நல்லா வருதே, கொஞ்சம் ஏத்திக்கலாம்" என்று ஒவ்வொரு தடவையும் ஏற்றினார்.

நான்காவது தடவை அவள் வந்த அன்று முன்விளக்கு எரியவில்லை. பல்பை மாற்ற நாளைக்குத்தான் ஆள் வருவார் என்றார்கள். சலிப்போடு பக்க விளக்கிலேயே எடுத்தேன். அவள் முகத்தில் மரத்துப்போக வைக்கும் களிம்பைத் தடவி உட்கார வைத்துவிட்டு, படத்தைத் திரையில் ஏற்றினேன். பக்கத்தில் முதல் படம். அதுவும் இதே விளக்கில் எடுத்ததுதான்.

குழிகள் அப்படியே இருந்தன. புள்ளிகள் கறுத்துப் பெரிதாகி ஒன்றோடொன்று கூடியிருந்தன. லேசரின் சூடு அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதமாக முகத்தைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

டாக்டரம்மா உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"என்ன இது? லைட் சரியில்ல. ஜன்னல் பக்கம் வச்சுத் திரும்ப எடு."

எடுத்திருக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் ஓரளவு நன்றாகவே வந்திருக்கும். வேலையும் தப்பித்திருக்கும்.

"இல்ல மேடம். மொதப் படமும் இதே லைட்டுதான். நடுவுல எடுத்த ரெண்டும்தான் வேற. சுவத்துக்கு எடுக்கிற மாதிரி எடுத்துட்டேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பஞ்சை எடுத்து நாத்தனாரின் ஒரு கன்னத்துக் களிம்பைத் துடைத்துவிட்டு, குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"லேசர் இனிமே வேண்டாம். வெயில் படாம பாத்துக்கணும். களிம்பு தரேன். கறுப்பு இறங்க ஏழெட்டு மாசம் ஆகும்" என்றார். என்னிடம், "அப்புறம் வந்து என்னப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் எழுந்து வந்து திரையின் முன் நின்றாள். பாதிக் களிம்பு முகத்தில் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அடுத்த வாரம் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

"திட்டுடி. வாய்க்கு வந்தபடி திட்டு" என்றேன்.

"இங்க லைட்டு ஏமாத்திடுச்சு. சரி. வீட்டுல சாதா விளக்குதானே அண்ணி? தெனமும் காலைல உங்க எதிர்லதானே உக்காந்து சாப்பிடறேன். அப்பக்கூடவா தெரியல?"

உன் மனசு நோகுமென்று சொல்லவில்லை என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அந்தப் பொய்யைச் சொல்லக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

"பாக்கலம்மா. உன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. இங்க பாத்து பாத்து, வீட்டுக்கு வந்தா எந்த மூஞ்சியையும் நிமிந்து பாக்க முடியறதில்ல."

அவள் தலையை ஆட்டினாள். கோபமே வரவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"எல்லாரும் எங்கிட்டப் பேசும்போது கண்ணு கன்னத்துக்குத்தான் போகும். உங்க கண்ணு மட்டும் போகாது. அண்ணிக்கு மட்டும் என் மூஞ்சி ஒரு விஷயமே இல்லன்னு எங்க ஆபீஸ்ல சொல்லிப் பெருமைப்பட்டிருக்கேன்."

மீதிக் களிம்பை அவளே துடைத்துக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். அடுத்த ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.