பாலமும் துறைமுகமும்

உலக வரலாற்றில் பொய் கலக்காத பகுதி ஒன்றே ஒன்றுதான், அது வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில் தன் மேசைமீது எழுதப்படுகிறது என்று சத்தியம் உறுதியாக நம்பினார். அமைச்சருக்கு உரை எழுதித் தருவது அவர் வேலை. ‘சத்தியமாச் சொல்றேன்’ என்று ஆரம்பிக்காமல் வாய் திறக்க மாட்டார். அதனால் அலுவலகம் வைத்த பெயர்தான் சத்தியம்.

அண்டை நாட்டு அமைச்சர் வருவதற்கு முன் இரு தரப்பும் தங்கள் உரையின் வரலாற்றுப் பத்தியை முன்கூட்டியே பரிமாறிக்கொள்வது வழக்கம். தங்களுக்கு ஆகாத பிணங்களைப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். எல்லைப் பாலத்தில் அவர்களுடைய ராணுவம் நம் ஆட்களைச் சுட்டுக் கொன்றதைச் சத்தியம் ஒவ்வொரு முறையும் எழுதுவார். அந்தப் பக்கத்து எழுத்தர் அதை அடித்துவிட்டு ‘வருந்தத்தக்க சம்பவம்’ என்று ஓரத்தில் எழுதுவார்.

“சம்பவமாம்! பஸ் லேட்டா வந்தா சம்பவம், மாடு குறுக்க வந்தா சம்பவம். செத்தவனை வச்சுப் பேரம் பேசுறவன் எல்லாம் மனுஷனா?” என்று கேன்டீன் அதிரக் கத்துவார். கேன்டீனும் தலையாட்டும். இல்லாவிட்டால் டீ ஆறிவிடும்.

இந்த முறை அவர்கள் பாலத்தை அடிக்கவில்லை. பதிலுக்குத் தங்கள் உரையில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘அதே ஆண்டு, கூலி உயர்வு கேட்ட துறைமுகத் தொழிலாளர்களை உங்கள் போலீஸ் சுட்டுக் கொன்றது.’

அப்படிச் செத்தவர்களில் ஒருவர் சத்தியத்தின் சித்தப்பா. அவரை அரசு கலவரக்காரர் என்றே பதிந்து புதைத்திருந்தது. சத்தியம் நேராகச் சித்தி வீட்டுக்கு ஓடினார்.

“சித்தி! சபையில வச்சு சொல்லப்போறாங்க, சுட்டுக் கொன்னாங்கன்னு!”

தையல் மிஷினை நிறுத்தாமலே சித்தி கேட்டாள். “யாரு, நம்மாளா?”

“அவங்க.”

“தூ! பாலத்துல செத்தவனுக்கு ஒப்பாரி வைக்கிற உங்க மந்திரிக்கு, துறைமுகம்னா மட்டும் தொண்டை அடைச்சுக்குமோ? நம்மாளு சொல்லணும்டா. கொன்னது நம்மாளுதானே?”

“நான் எழுதுறேன் சித்தி, சத்தியமா. முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி.”

மிஷின் நின்றது. “நல்ல புடவையா எடுத்து வைக்கிறேன். கவுத்துடாதே.”

எழுதினார். மறுநாளே அமைச்சர் கூப்பிட்டார்.

“யோவ், எரிவாயுக் குழாய்க்குக் கையெழுத்துப் போட வர்றாங்க, நீ பிணத்தைத் தோண்டிக்கிட்டு இருக்கே! பேசி முடிச்சாச்சு. நாம உரையில பாலத்தை நீக்கிட்டா அவங்க துறைமுகத்தை நீக்கிடுவாங்க.”

“ஐயா, செத்தவங்க...”

“செத்தவங்க என்ன, ஓட்டா போடுறாங்க? சரி, போடுறாங்க, அது வேற விஷயம். தேர்தல் வரட்டும், பாலத்தைத் திரும்ப எடுத்துக்கலாம்.” அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். “அவங்க நாட்டுல நம்ம தூதரகத்துல ஒரு இடம் காலியாகுது. உன் பேரைத்தான் நினைச்சு வச்சிருக்கேன்.”

கொன்றவர்கள் இரு தரப்பு, மன்னித்துக்கொண்டவர்களும் அதே இரு தரப்பு. செத்தவர்களை ஒரு வார்த்தை கேட்பார் இல்லை.

சத்தியம் மேசைக்குத் திரும்பியபோது போன் அடித்தது.

“எத்தனை மணிக்குடா வரணும்?” என்றாள் சித்தி.

“வெயில் கொளுத்துது சித்தி. உங்களுக்கு ஒத்துக்காது. வீட்லயே இருங்க.”

விழா அரங்கம் முழுக்க ஏசி. அந்தப் பக்கம் சித்தி போனை வைத்தாள்.

சத்தியம் எழுந்து கதவைச் சாத்தினார். பாலம், துறைமுகம் இரண்டையும் பென்சிலால் அடித்தார். ஓரத்தில், யாரும் திருத்தத் தேவையில்லாத அழகான கையெழுத்தில், ‘வருந்தத்தக்க சம்பவங்கள்’ என்று எழுதினார்.