நாற்பது மீட்டரில் கேட்ட கை

எங்கள் வீட்டு வாசலுக்குப் போலீஸ்காரர் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறார். 1981 மார்ச் மாதம், காலை பத்தரை மணிக்கு. சைக்கிளை எதிர்வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றாமல், "கமலவேணின்னு யாருங்க இங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

கமலவேணி என் தங்கை. அவள் குற்றம் எதுவும் செய்யவில்லை. அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். தேர்வில் தேறியும் இருந்தாள். உரிமம் தருவதற்கு முன்னால் விண்ணப்பதாரரின் நடத்தையைப் பற்றிக் காவல் நிலையம் விசாரித்து எழுத வேண்டும். பத்து வருடங்களுக்கு முன் நான் உரிமம் வாங்கியபோது அந்த விசாரணை என் அலுவலகத்துக்கு வந்தது. பெரிய குமாஸ்தா இரண்டு வரி எழுதிக் கொடுத்தார், முடிந்தது. வேலைக்குப் போகாத பெண்ணுக்கு அது வீட்டு வாசலுக்குத்தான் வரும் என்பதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் நீதிமன்றப் பதிவாளர், அவர்கள் பாஷையில் கிரெஃபியே. கிரெஃபியே வீடு என்றுதான் இன்றைக்கும் தெருவில் எங்களைச் சொல்வார்கள். அவர் இறந்தபோது கமலவேணிக்குப் பதின்மூன்று வயது. எனக்கு அவளைவிடப் பதினெட்டு அதிகம். நான்தான் படிக்க வைத்தேன், நான்தான் விழுப்புரத்தில் மாப்பிள்ளை பார்த்தேன். மூன்றே வருடத்தில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அவன் வேறொருத்தியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். தெருவில் கேட்டபோது, மாப்பிள்ளைக்குப் பிரான்சில் வேலை கிடைத்துவிட்டது, காகிதம் சரியானதும் இவளும் போவாள் என்றேன். எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிறார். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பதிலுக்குப் பதினோரு வயதாகியிருந்தது.

வானொலி என் பொழுதுபோக்கு. ரிசீவர் சென்னையில் வாங்கிய பழைய பட்டாளத்துச் சரக்கு. டிரான்ஸ்மிட்டரை நானே கட்டினேன். மொட்டை மாடியிலிருந்து தென்னை மரத்துக்கு ஒரு செம்புக் கம்பி. நாற்பது மீட்டர் அலைவரிசையில் மோர்ஸ் தட்டி, இலங்கை முதல் ரஷ்யா வரை பேசியிருக்கிறேன். கமலவேணி பக்கத்து அறையில் துணி தைத்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். முதலில் நான் கண்டிக்கவில்லை. பொழுது போகட்டும் என்று விட்டேன். எங்கள் வானொலிச் சங்கத்திலிருந்து மாதாமாதம் வரும் செய்தித்தாளில் கடைசிப் பக்கம் ஒரு செய்முறை இருக்கும். அதைப் பார்த்து பிஸ்கட் டின் ஒன்றில் சின்னதாக ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டினாள். என்னுடையதைவிடச் சுத்தமான ஒலி. அந்தச் செய்தியைப் படத்தோடு சங்கத்துக்கு எழுதினேன். என் பெயரில்தான் எழுதினேன். உரிமம் என் பெயரில் இருந்தது.

மோர்ஸில் குரல் கிடையாது. தட்டுவது ஆணா பெண்ணா, கிழவனா குமரியா என்று தெரியாது. ஆனால் கை தெரியும். புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒவ்வொருவரும் விடுகிற இடைவெளி ஒவ்வொரு மாதிரி. கையெழுத்தைப் போலத்தான். பழகிய காது இரண்டே சொல்லில் ஆளைச் சொல்லிவிடும். எனக்குக் கனத்த கை, கோட்டை இழுப்பேன். கமலவேணியின் கை தையல் மெஷின் ஓடுகிற மாதிரி, ஒரே சீராக இருக்கும்.

1979 கார்த்திகையில் மூன்று நாள் காற்றும் மழையும். நான் ஒரு சாவுக்காக ரெட்டியார்பாளையம் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டேன். டெலிபோன் கம்பிகள் அறுந்து கிடந்தன. வைத்திக்குப்பத்துப் படகு ஒன்று நான்கு பேரோடு திரும்பவில்லை. நாகப்பட்டினத்தில் சாமிக்கண்ணு என்று ஒரு ரயில்வே தந்திக்காரர். அவரும் எங்களைப் போல அமெச்சூர் வானொலிக்காரர். அந்த நால்வரும் அங்கே கரையேறிய செய்தியை அவர் தட்டிக்கொண்டே இருந்தார். வாங்கிக்கொள்ள இங்கே ஆளில்லை. கமலவேணி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைப் போட்டுப் பதில் சொன்னாள். நான்கு பெயரையும் எழுதிக்கொண்டு மழையில் நனைந்தபடி குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த நேரம் போக இரண்டு நாள் மோர்ஸ் கீயை விட்டு எழுந்திருக்கவில்லை என்று என் மனைவி அஞ்சலாட்சி சொன்னாள்.

திரும்பி வந்து, ஒவ்வொரு தொடர்பையும் குறித்து வைக்கும் பதிவேட்டைப் பார்த்தேன். பத்தொன்பது பக்கம் அவள் எழுத்து. உரிமம் இல்லாதவர் தட்டினால் உரிமம் வைத்திருப்பவன் மேல்தான் நடவடிக்கை வரும். அந்தப் பக்கங்களை என் கையெழுத்தில் வேறு நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த மாதச் செய்தித்தாளில் என் பெயர் பெரிதாக வந்தது. பாராட்டுப் பத்திரம் கொடுக்கச் சங்கத்துக்காரர்கள் ஏழு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார்கள். பெரிய மார்க்கெட் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் மொய்னுதீன் வந்திருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து சாமிக்கண்ணுவும் வந்திருந்தார்.

காப்பி வருவதற்குள் சாமிக்கண்ணு ஆரம்பித்தார்.

"ஐயா, ரெண்டு நாளு உங்க கையக் கேட்டே உசிரோட இருந்தேன். எனக்காக ஒரு வரி தட்டுங்களேன்."

"இன்னைக்கு வேணாம். மணிக்கட்டு வலிக்குது."

"ஒரே வரி. நேர்ல பாத்தேன்னு ஊர்ல சொல்லிக்கணும்ல."

"தட்டுங்கண்ணே," என்றார் மொய்னுதீன், தரையைப் பார்த்துக்கொண்டு. என் கை அவருக்குத் தெரியும். புயலின் கடைசி நாள் அவரும் ரிசீவரைப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

தட்டினேன். சாமிக்கண்ணு முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கமலவேணி காப்பித் தட்டோடு வந்தாள். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் செய்வதுபோல மேசையில் விரலால் தட்டினார்: என்னை அழைப்பது யார்? எங்கள் வழக்கத்தில் அதற்கு மூன்றே எழுத்து. அவள் தட்டின் விளிம்பில் நகத்தால் என் அழைப்புக்குறியைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். இளைஞர்கள் இருவர் மின்வெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கவனிக்கவில்லை.

"ஐயா கைதான். எனக்குச் சந்தேகமே இல்ல," என்று உரக்கச் சொல்லி, பத்திரத்தை அவரே என் கையில் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"அந்தம்மாவுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுங்க ஐயா. நான் முப்பது வருசம் தந்தியடிச்சவன். ஒரு தடவ பொய் சொல்லலாம். ரெண்டாந்தடவ என்னால ஆவாது."

அதனால்தான் சம்மதித்தேன். மொய்னுதீனும் அவர் மனைவி ரமீஜாவும் அவளைச் சென்னைக்குக் கூட்டிப் போய்த் தேர்வு எழுத வைத்தார்கள். அன்று மோர்ஸ் தேர்வு எழுதிய பதினான்கு பேரில் ஒரு பிழையும் இல்லாமல் எழுதியவள் இவள் ஒருத்திதானாம். திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே அவள் நடை வேறு மாதிரி இருந்தது.

இனி அந்தப் போலீஸ்காரர்.

எதிர்வீட்டுச் செல்வாம்பாள் ஜன்னலைத் திறந்தாள். நான் அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். கமலவேணி அஞ்சலாட்சியோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

"பேரு கமலவேணி. அப்பா பேரு போட்டிருக்குது. கல்யாணம் ஆனவங்களா?"

"ஆமா."

"வூட்டுக்காரர் எங்க?"

பழகிய வாய். "பிரான்சுல," என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "பிரெஞ்சு நேஷனாலிட்டியா? அப்ப அவுரு பாஸ்போர்ட் நம்பர் வேணுமே. இந்தம்மா எந்த நேஷனாலிட்டி? இது வயர்லெஸ் சமாச்சாரம் சார், எல்லாம் விசாரிச்சுத்தான் எழுதணும். அக்கம்பக்கத்துல ரெண்டு பேருகிட்டயும் கேக்கணும். எதிர்ல ஒரு அம்மா நிக்கிறாங்களே, அவங்களையே கேட்டுக்கிறேன்."

எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. விழுப்புரம் என்று உண்மையைச் சொன்னால், அவர் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்பார், செல்வாம்பாள் பிரான்ஸ் என்பாள்; பதினோரு வருடப் பொய் அந்த வெயிலில் நின்றுவிடும். பிரான்ஸ் என்றே நின்றால் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவேன்? சுவரில் அப்பாவின் படம் இருந்தது. நீதிமன்றத்தில் ஒரு பொய்க் காகிதத்தையும் பதிவு செய்யாதவர் என்று பெயர் எடுத்தவர்.

"அவ இங்க இல்லீங்க," என்றேன். "போன மாசம்தான் புருஷன்கிட்ட போய்ச் சேந்தா. இனிமே இந்த லைசென்ஸெல்லாம் அவளுக்கு வேணாம்."

"அடடே, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? ஒரு வரியில முடிஞ்சிடுது." எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். தொப்பியைச் சரி செய்துகொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கால் மணி நேரத்தில் கமலவேணி கூடையோடு வந்தாள். "யாரோ போலீஸ்காரரு வந்தாராமே? எனக்குத்தானே?" என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"விசாரிச்சுட்டுப் போனாரு. எல்லாம் சொல்லிட்டேன்," என்றேன்.

நான்கு மாதம் அவள் தபாலுக்குக் காத்திருந்தாள். அந்த நான்கு மாதமும், அவள் வாசலைப் பார்த்திருக்கும் கூடத்தில் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஜூலையில் டெல்லியிலிருந்து உறை வந்தது. விண்ணப்பதாரர் தற்போது இந்தியாவில் வசிக்கவில்லை என்று அறிய வந்ததால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது. அவள் நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள்.

"அண்ணே, நான் எங்க இருக்கேன்?"

நான் காலி உறையை எடுத்து மடித்தேன்.

"சொல்லுங்க. எப்பப் போனேன், கப்பல்லயா ஏரோப்ளேன்லயா? செல்வாம்பா கேட்டா அங்க குளிரு எப்படின்னு சொல்லணும்ல."

"அப்பா பேரு இருக்குது கமலம். தெருவுல தலை நிமிந்து நடக்கணும்."

"அப்பா பேரக் காப்பாத்த இந்த வீட்ல நாந்தான் கிடைச்சேனா? புயல்ல தட்டினது நானு. பத்திரம் உங்க பேருக்கு. அதுக்கும் வாயத் தொறக்கல. எம்பேருக்குன்னு ஒரு அழைப்புக்குறிதானே கேட்டேன்."

அஞ்சலாட்சி சமையலறை வாசலில் நின்று அழுதாள். அவளும் என் பக்கம் பார்க்கவில்லை.

அந்த வாரமே போய்விட்டாள். ரமீஜாவின் அக்கா ஜஹபர் நிஷா காரைக்காலில் தையல் பள்ளி நடத்துகிறார். அங்கே சொல்லிக்கொடுக்கும் வேலை. வந்தபோது கொண்டுவந்த அதே தகரப் பெட்டி. அதோடு பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டாள். தெருவில் பிரான்சுக்குப் போய்விட்டாள் என்றேன். "போய்ச் சேந்தாளா, நல்லது, அடுத்த தடவ வரச்சே எனக்கொரு சென்ட்டு பாட்டிலு கொண்டாரச் சொல்லுங்க," என்றாள் செல்வாம்பாள். சொல்கிறேன் என்றேன்.

1983 டிசம்பரில் ஒரு ஞாயிறு. காலை எட்டு மணிக்குச் சங்கத்தின் செய்தி ஒலிபரப்பு முடிந்ததும் நாற்பது மீட்டரில் மெதுவாக முள்ளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஒரு புதிய அழைப்புக்குறி, பொது அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தது. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீரான கை. இரண்டாவது சொல்லுக்கு அவசியமே இருக்கவில்லை.

நான் என் அழைப்புக்குறியைத் தட்டினேன். என் கை அவளுக்குத் தெரியாததா?

முள்ளை அசைக்காமல் வைத்திருந்தேன். பிறகு பதில் வந்தது. என் ஒலி ஐந்து ஒன்பது ஒன்பது, அதாவது குறையில்லாமல் கேட்கிறது. ஊர் காரைக்கால். பெயர் கமலவேணி. டிரான்ஸ்மிட்டர் வீட்டில் கட்டியது. அழைத்ததற்கு நன்றி ஓ.எம்., வணக்கம். முன்பின் தெரியாத எந்த ஆண்பிள்ளையையும் நாங்கள் விளிப்பது அந்த இரண்டு எழுத்தால்தான். ஜப்பான்காரனுக்கும் அதுதான். அடுத்த நிமிடம் ஹைதராபாத்தில் யாரோ அழைக்க, அவரோடு பேசப் போய்விட்டாள்.

மறுநாள் மொய்னுதீன் கடைக்குப் போனேன். சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"காரைக்கால்லயும் போலீசு விசாரிச்சாங்கண்ணே. புருஷன் விழுப்புரத்துல இருக்கான், பிரிஞ்சு வாழறேன்னு அவங்களே எழுதிக் குடுத்தாங்க. வந்தவரு சரிம்மான்னு வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. வேற ஒண்ணும் கேக்கலியாம்."

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னார்.

ஒரு தொடர்பு நடந்தால் அதை உறுதிசெய்து இருவரும் அட்டை அனுப்பிக்கொள்வது எங்களுக்குள் கட்டாயமான மரியாதை. சங்கத்தின் வழியாக உறையில் அனுப்புவார்கள்; அவசரமென்றால் தபால்தலை ஒட்டித் திறந்த அட்டையாகவே போடுவார்கள். பத்து நாளில் அவளுடைய அட்டை வந்தது, திறந்த அட்டையாக. தபால்காரர் கன்னியப்பன் அதைக் கையில் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"காரைக்கால்லேந்து உங்க தங்கச்சி அட்டை போட்டிருக்காங்க சார். படமெல்லாம் அச்சடிச்சு, ஜோரா இருக்குது."

செல்வாம்பாள் வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அட்டையில் அழைப்புக்குறி பெரிதாக, சிவப்பில். கீழே கமலவேணி என்று மட்டும். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து இல்லை. தேதி, நேரம், அலைவரிசை, ஐந்து ஒன்பது ஒன்பது. குறிப்பு எழுத விடப்பட்டிருந்த இடம் காலியாக இருந்தது.

பதில் அட்டையை அன்றே நிரப்பினேன். குறிப்புக்கான இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். புயல் நாட்களின் பழைய பதிவேடு, அவள் எழுதியது, அலமாரியில்தான் இருந்தது. அதை நான் கிழித்துப் போடவில்லை. அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தபால்தலை ஒட்டி, மறுநாள் தெருவில் வைத்துக் கன்னியப்பன் கையில் கொடுத்தேன், முகவரி மேலே தெரியும்படி.

அட்டையும் பதில் அட்டையும் போய்ச் சேர்ந்தால் அந்தத் தொடர்பு முடிந்தது. அதற்கு மேல் எழுதுவது எங்கள் வழக்கத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கை இன்னும் கேட்கிறது. நான் ரிசீவரை மட்டும் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.