ஸைதலவியின் திறமை

ஐம்பத்து மூன்று வயதில் என் கணவர் ஸைதலவி தன் திறமையைத் தேட ஆரம்பித்தார். கல்ஃபில் ஒரு விமான நிலையத்தில், பெட்டி வந்து சேராதவர்கள் கத்துவதற்கென்றே வைத்திருக்கும் கவுண்ட்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர். போதும் என்று அவர்கள் அனுப்பிய பிறகு திரூருக்கு வந்து சேர்ந்தார். வந்த கையோடு, கல்ஃபிலிருந்து திரும்பும் ஆண்பிள்ளைகள் எல்லாரும் செய்வதையே செய்தார். பேக்கரி திறந்தார். எங்கள் தெருவில் ஏற்கெனவே நான்கு பேக்கரிகள். நான்கையும் நடத்தியவர்கள் கல்ஃபிலிருந்து திரும்பியவர்கள். ஒருவர் கடை பஃப்ஸை இன்னொருவர் வாங்கித் தின்றே ஐந்து கடைகளும் கொஞ்ச காலம் ஓடின.

கடையை மூடியதும் டவுன் ஹாலில் ஒரு வகுப்புக்குப் போனார். ஊர் திரும்பியவர்கள் புதுத் தொழில் தேடிக்கொள்வதற்கான இலவச வகுப்பாம். பாடம் நடத்தியவருக்கே அதற்கு முன் எந்த வேலையும் நிலைத்ததில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து இவர் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு ஒரே கேள்வி.

"சுபைதா, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு திறமை இருக்குமாம். என்னோடது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? நான் மத்தி வறுத்தா எங்க இருந்தாலும் வந்து நிக்கிறீங்களே, அது யாருக்கு வரும்?"

"விளையாடாத. நிஜமாக் கேக்கறேன்."

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். நகருங்க, எண்ணெய் தெறிக்கும்."

அவர் கேள்வியில் ஒரு அவசரம் இருந்தது. கல்ஃபில் ஒரு கிடங்கில் காவல்காரன் வேலைக்கு விசா தயார் என்று பழைய கூட்டாளி ஒருவர் சொல்லியிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஒன்றும் அமையாவிட்டால் இவர் மறுபடி விமானம் ஏறிவிடுவார். போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல ரோஷம் விடவில்லை. அதனால் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமன் மகள் ரம்லாவின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. கல்ஃப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடும் மாதமாகப் பார்த்துத் தேதி குறித்தார்கள், சொந்தம் எல்லாம் ஊரில் இருக்குமே என்று. அவ்வளவு யோசித்த புத்திசாலிகள், மார்ச்சில் மூத்தவள் கல்யாணத்துக்குச் சொன்ன அதே ஆள் கணக்கைச் சமையல்காரர் பீரானிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் வருவார் என்று நினைத்த இடத்தில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தபோது பிரியாணி அண்டா காலி. அடுத்த அண்டாவை அப்போதுதான் தம்மில் போட்டிருந்தார்கள். திறந்தால் அரிசி வேகாது, திறக்காவிட்டால் மானம் போகும்.

மாப்பிள்ளையின் மாமா அலவி ஹாஜி எழுந்து நின்றார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டீங்களா, நோன்புக்குக் கூப்பிட்டீங்களா?"

ரம்லாவின் கணவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பீரான் அண்டாவுக்குப் பின்னால். என் வீட்டுக்காரர் மட்டும் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக ஹாஜியிடம் போனார். பெண்கள் பக்கத்துத் திரையோரம் நின்றிருந்த எனக்குத் திக்கென்றது. இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை?

"ஹாஜியார், காலைல சுபஹு தொழுத கையோட கிளம்பியிருப்பீங்க. இந்தப் புழுக்கத்துல வண்டியில வந்து உக்காந்தா, வாசனை மூக்கைத் துளைக்குது, தட்டுல ஒண்ணும் இல்ல. நானா இருந்தா இன்னும் சத்தமாக் கத்தியிருப்பேன்."

கத்துவதற்கு ஹாஜி நிறைய மிச்சம் வைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

"இல்ல... வயசானவங்க இருக்காங்க, அதான்..."

"அதைத்தானே நானும் சொல்றேன். உங்க பிரியாணி எங்கயும் போகல. வந்துட்டே இருக்கு. நான் பொறுப்பு."

எப்போது வரும் என்று இவர் சொல்லவில்லை, ஹாஜியும் கேட்கவில்லை. கத்த வந்த அடுத்தவருக்கும் அதே மெதுவான குரல். வந்தவர்கள் எல்லாம் இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர் மன்னிப்புகூடக் கேட்டார். கடைசியில் தம் உடைத்துப் பரிமாறி முடித்ததும் பீரான் ஓடி வந்து இவரைக் கட்டிக்கொண்டார்.

"ஸைதலவிக்கா, என்கூட வந்துடுங்க. சமைக்க எனக்கு ஆள் இருக்கு. திட்டு வாங்கத்தான் நல்ல ஆள் கிடைக்கல!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். இருபத்திரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை தோறும் கல்ஃபிலிருந்து போனில் கேட்ட குரல். 'நீ தனியாக் கஷ்டப்படறது எனக்குத் தெரியாதா சுபைதா? உன் இடத்துல நானா இருந்தா இன்னும் அழுதிருப்பேன். வந்துட்டே இருக்கேன்.' எப்போது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்காமல், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறேன். என்னையும் அந்தக் கவுண்ட்டரில்தான் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார், பாவி மனுஷன்.

வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"சுபைதா, கண்டுபிடிச்சுட்டேன்! பாத்தியா என் திறமையை?"

"பாத்தேன். விசாக்காரருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"உன் மனசு எனக்குப் புரியாதா? உன் இடத்துல நானா இருந்தா..."

"நிறுத்துங்க! அந்தக் குரலை ஹாஜிகிட்ட வெச்சுக்கோங்க. போறீங்களா, இருக்கீங்களா?"

அத்தனை பேரைப் பேசியே உட்கார வைத்தவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

"போகல," என்றார். "அங்க... வேலை முடிஞ்சு தனியா அந்த ரூமுக்குத் திரும்பி வந்தா... பயமா இருக்கும் சுபைதா. உன்கிட்ட சொன்னா நீ... எனக்குச் சொல்ல வரல."

உள்ளதைச் சொல்வதில் மனுஷனுக்குத் துளிகூடத் திறமை இல்லை. நான் என்ன, அதைவிட ஒழுங்காகவா பேசினேன்?

"போகாதீங்க," என்றேன். ரம்லாவின் சம்பந்தி வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கல்யாண வீட்டில் நின்று விக்கி விக்கி அழுதேன்.