இன்ஜினுக்குக் கட்டிய மப்ளர்

கணேசமூர்த்தியின் காருக்கு அவரைவிட வயது அதிகம். மகள் கிருஷாந்தியின் நிச்சயதார்த்தத்துக்கு வட்டவளைக்குப் போனபோது, சம்பந்தி ஆண்டியப்பனின் புதுச் சிவப்புச் சிமெந்து முற்றத்தில் அது ஆப்பிரிக்கா கண்டத்தின் வடிவில் ஓர் எண்ணெய்க் கறையை விட்டுவந்தது.

ஆண்டியப்பன் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்: "கல்யாணத்தன்னிக்குக் கார ரோட்டுலயே நிப்பாட்டுங்க."

ரோட்டிலிருந்து வீடு வரை சேறு. கல்யாணப் பெண் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதா?

கொட்டகலை மெக்கானிக் இஸ்ஸதீன் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை மாற்றினார். ஒழுக்கு நிற்கவில்லை. இன்னொன்றை மாற்றினார். ஒழுக்கு இடம் மாறியது. கடைசியில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் எண்ணெய் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று சீறியது.

"மூச்சு முட்டுது மூர்த்தி இதுக்கு. உள்ள சேர்ற புகைக்கு வெளிய போக வழியில்ல. அது எண்ணெயத் தள்ளிக்கிட்டு கெடைச்ச சந்துலயெல்லாம் வருது."

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் சிறிய மூச்சுக் குழாயின் வாயில் பச்சைக் கம்பளித் துணி, நூல் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"யாரு வேல இது?"

தேத்தண்ணி கொண்டுவந்த கணேசமூர்த்தியின் மனைவி மீனம்மா தயங்கவில்லை. "நாந்தான் கட்டுனேன். ராவெல்லாம் பனியில கெடக்கு. வாயத் தொறந்துகிட்டு கெடந்தா சளி புடிக்காதா?"

"அடிப்பாவி, அது இன்ஜினுடி!"

"இருக்கட்டுமே. உங்களுக்குந்தான் மப்ளர் கட்டிவிடுறேன்."

"அதான் எனக்கும் மூச்சு முட்டுது."

துணியை அவிழ்த்ததும் ஒழுக்கு நின்றது.

கல்யாணத்தன்று காலை, பெண்ணோடு கார் நேரே முற்றத்துக்குள் ஏறியது. ஆண்டியப்பன் கழுத்து மப்ளரை ஒதுக்கிக்கொண்டு முழங்காலிட்டு அடியில் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. கணேசமூர்த்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாப்பிடப் போனார்.

கோயிலில் தாலி கட்டி, பொண்ணு மாப்பிள்ளையோடு கார் திரும்பி வந்து நின்றது. சிவப்புச் சிமெந்தில் சொட்டென்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

கணேசமூர்த்தி வேட்டியோடு காருக்கு அடியில் புகுந்தார். குழாயின் வாயில் கட்டம்போட்ட மப்ளர் ஒன்று, அழகான முடிச்சோடு. வெளியே வந்து சம்பந்தியின் வெறுங்கழுத்தைப் பார்த்தார்.

"சம்பந்தி, இது..."

ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தார். "காலையில குனிஞ்சப்ப பாத்தேங்க. பாவம், அந்தப் பனியில வாயத் தொறந்து ஆவி விட்டுக்கிட்டு நின்னிச்சு. மனசு கேக்கல."

மீனம்மா மகளின் காதருகே குனிந்தாள். "நல்ல மனுசங்கடி. பயமில்லாம இரு."

"மன்னிச்சிருங்க, முத்தத்தக் கெடுத்துட்டேன்" என்றார் கணேசமூர்த்தி.

"முத்தம் கெடக்குது சம்பந்தி" என்றார் ஆண்டியப்பன் கவலையோடு. "வண்டிக்கு இப்ப தேவலையா?"