கழற்றிய மணி

சீனாவில் காண்டன் நகரம் ஜப்பான்காரனிடம் விழுந்த மறுவருஷம் அது. மேற்கு ஆற்றைப் பூட்டிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ஆற்றை யாராவது பூட்டுவார்களா? ஜப்பான்காரன் பூட்டினான். அனுமதிச் சீட்டு இல்லாத படகு நகர்ந்தால் சுடுவான். சீட்டு கேட்டுப் போனாலோ படகையே பிடுங்கிக்கொள்வான். படகிலேயே பிறந்து படகிலேயே குடும்பம் நடத்துகிற சனம் மண்ணையா தின்னும்? படகுக்காரி காம்தையின் பானையில் அரிசி முந்தாநாளே தீர்ந்துவிட்டது. எதிர்க்கரை ஓடைக்குள் அவள் அண்ணன் இருந்தான். அங்கே ஜப்பான்காரன் இன்னும் வரவில்லை.

அன்று காலையில் மூடுபனி இறங்கியது. தங்கள் படகின் முனையே அவர்களுக்குத் தெரியவில்லை.

"இப்ப விட்டா அப்புறம் போக முடியாது, புள்ள," என்றான் அவள் புருஷன் சுய்சாங்.

"பிள்ளைய வச்சுக்கிட்டுப் பயமா இருக்குதுங்க."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? துடுப்ப எடு."

படகுப் பிள்ளைகளுக்கு மூன்று காவல் உண்டு. முதுகில் மிதப்பதற்கு ஒரு காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பிலிருந்து பாய்மரத்துக்கு ஒரு கயிறு, காலில் ஒரு மணி. அவர்கள் மகள், இரண்டு வயது ஆமுய்க்கு அந்த மணியென்றால் உயிர். கஞ்சி ஊட்டும்போது காம்தை அதை ஆட்டினால், "கிலுகிலு!" என்று அவளும் கத்துவாள்.

"மகாராணி ஊரையே கூட்டிருவா. கழட்டு அத," என்றான் சுய்சாங்.

காம்தை மணியைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டைக்குள் செருகினாள். கயிற்றையும் அவிழ்த்தாள். சுட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டுமே.

நடு ஆற்றில் ஜப்பான்காரனின் மோட்டார் படகுச் சத்தம் கேட்டது. இருவரும் துடுப்பை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் நெருங்கி வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் யாரோ ஒருவன் இருமினான். பிறகு அந்த மோட்டார் படகு தாண்டிப்போக, அதன் அலை வந்து படகைப் புரட்டிப்போடுவதுபோல் ஆட்டியது. காம்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தாள். பிள்ளை உட்கார்ந்திருந்த பாய் காலியாகக் கிடந்தது.

கத்த வாயைத் திறந்தாள். சுய்சாங் பாய்ந்து பொத்தினான்.

"கத்தாதடி, செத்தோம்! குடுக்கை இருக்கு, முங்க மாட்டா. தேடுவோம்."

"எங்கன்னு தேடுவீங்க?"

எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. ஓர் அழுகுரல்கூட இல்லை. ஆறு பிள்ளையை எங்கே இழுத்துப் போகிறதோ! பாவி, நானே கழற்றினேனே, நானே அவிழ்த்தேனே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சட்டைக்குள்ளிருந்து மணியை எடுத்தாள். மோட்டார் சத்தம் இன்னும் தூரம் போகவில்லை.

"ஏ..." என்று தொடங்கிய சுய்சாங் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

காம்தை மணியை ஓங்கி ஆட்டினாள்.

இடப்பக்கம், பனிக்குள்ளிருந்து, தண்ணீரைத் துப்பிக்கொண்டே ஒரு குரல் வந்தது: "கிலுகிலு!"

மோட்டார் நின்றது. பிறகு இவர்கள் பக்கம் திரும்பியது.

"அங்கதாங்க, இழுங்க!" என்றாள் காம்தை. பிள்ளை மறுபடியும் குரல் கொடுக்க வேண்டுமே என்று மணியை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.