மூலைமட்டத்தின் இரண்டு கோடுகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவளுடைய வேலை. வீட்டின் பின்னறையில் இரும்பு வேலைக்கென்று சின்னதாக ஒரு பட்டறை போட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. இருப்பதிலேயே மலிவான கருவிப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா கணவர் வெல்டர். பெட்டியைத் திறந்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"ஓசியில குடுத்தாக்கூட இதைத் தொட மாட்டேன்."

"தொடாமலே எப்படி மாமா தெரியும்? சோதிச்சுப் பாத்துடலாம்."

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் தாடைகளுக்கு நடுவே இரு ஓரத்திலும் ஒவ்வொரு காகிதத் துண்டு வைத்து இறுக்கினாள். இடது துண்டு அசையவில்லை. வலது துண்டு இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது; அந்தப் பக்கம் தாடை சரியாகக் கவ்வவில்லை. அரம் இரும்பை நன்றாகவே கடித்தது. துளை போடும் பிட்டோ மூன்றாவது துளையிலேயே மழுங்கிப்போனது. மாமாவுக்கு ஒரே குஷி.

கடைசியாக மூலைமட்டம். 'ட' எழுத்து மாதிரி வளைந்த எஃகுத் தகடு. பலகையின் விளிம்பில் அதை அணைத்து வைத்து ஒரு கோடு போட்டாள். பிறகு அதைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். மேலே போகப் போக அரிசி அகலத்துக்கு விலகின.

"பாத்தியா! என்னோடதைப் பாரு, அசல் சரக்கு," என்று வண்டியிலிருந்து தன்னுடையதை எடுத்து வந்தார்.

அதிலும் இரண்டு கோடுகள் விழுந்தன.

மாமா தானே வாங்கி மறுபடி போட்டுப் பார்த்தார். பென்சிலைச் சீவிவிட்டு இன்னொரு தடவை. அப்போதும் இரண்டுதான்.

"எப்பவாவது கீழ போட்டீங்களா?"

"ஒரு தடவை மாடியிலேர்ந்து விழுந்துச்சு." அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் செஞ்ச கேட்டு மூட மாட்டேங்குதுன்னு யாராவது சொன்னா, செவுரு கோணல்னு கொத்தனாரையே திட்டிட்டு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பி ஃப்ரேமைத் தட்டினால் தட்டிய இடத்தில் உலோகம் விரியும். கடையில் தினமும் பார்ப்பதுதான். இதுவும் விரியாதா என்ன?

"கோணம் ஒடுங்கியிருக்கு. உள்மூலைகிட்ட ஒரு தட்டு தட்டுவோமா?"

"வெளிமூலையிலதான் தட்டணும்."

"சரி, என்னோடதுல முதல்ல பாப்போம். போனா மலிவுதானே போகும்."

உள்மூலையருகே ஆணிமுனையை வைத்து மெல்லத் தட்டினாள். மறுபடி போட்டுப் பார்த்தபோது கோடுகள் நெருங்கியிருந்தன. இன்னொரு தட்டு. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மாமா தன்னுடையதை அவளிடம் நீட்டினார். அதன் கோணம் விரிந்திருந்ததால் அதற்கு வெளிமூலையில் தட்ட வேண்டியிருந்தது. "நான் சொன்னது இதுக்குத்தான்," என்றார் சட்டென்று.

செவ்வாய்க்கிழமை போன் செய்தார்.

"அந்த மட்டத்தை வெச்சு நான் செஞ்ச பழைய கேட்டு ரெண்டைப் போய், குறுக்கால மூலைக்கு மூலை அளந்து பாத்தேன்."

"கோணலா?"

"ஒண்ணு கோணல். இன்னொண்ணு நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. அது எப்படின்னுதான் புரியல."

"என் டேப்பை எடுத்துட்டு வரேன், இருங்க. இன்னொரு தடவை அளந்து பாத்துடலாம்," என்றாள்.