பெண்களுக்கு இரண்டு

"முழுசாக் குடி, லியோனிலா."

அமான்சியோ மூன்றாவது முறையாகத் தம்ளரை நீட்டினான். லியோனிலா மாத்திரையை நாக்கில் வைத்து, அது இறங்குவதற்கு வேண்டிய ஒரு மிடறு மட்டும் விழுங்கினாள். மீதித் தண்ணீரைச் சன்னல் வழியாக எலுமிச்சைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

"தினம் மூணு லிட்டர் குடிக்கணும்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நாளைக்குச் சனிக்கிழமை."

"சனிக்கிழமைக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை. "நீதானே இந்த ஊரு கக்கூஸ் ஆபீசர். நீயே கண்டுபிடி."

சான் தெல்மோ நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவின் குழாய் ஆய்வாளன் அமான்சியோ. பதினான்கு வருட வேலை. எந்த வீட்டில் மலக்குழாய் எத்தனை அங்குலம், எந்த உணவகத்தின் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். லியோனிலா பத்தொன்பது வருடமாகப் பொதுச்சந்தையில் மீன் விற்பவள். காலையில் சுகாதார நிலையத்தில் டாக்டர் அவளிடம் கேட்ட ஒரு கேள்விதான் அவனை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "கருக்கல்ல மூணு மணிக்குக் கிளம்பறப்ப ஒண்ணு. மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒண்ணு."

"நடுவுல?"

"நடுவுல குடிக்க மாட்டேன்."

டாக்டர் நிமிராமலே எழுதினார். "சிறுநீரகத்துல கிருமி ஏறியிருக்கு. இந்த மாசத்துல உங்க சந்தையிலேருந்து நீங்க ஆறாவது ஆளு." அடுத்த நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமான்சியோ உட்கார்ந்திருந்தான். ஒரே கட்டிலில் படுக்கிற மனைவியைப் பற்றி இன்னொருவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது.

சனிக்கிழமை சந்தையில் கூட்டம் அதிகம்; ஆனாலும் அவளைப் போக விடவில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவனே கடைக்குப் போனான்.

"ஐயோ, இன்ஸ்பெக்டர் வந்திருக்காருடி, தராசையெல்லாம் ஒளிச்சு வைங்க!" என்று எதிர்வரிசையில் ஒருத்தி கத்தினாள்.

"மேனோங், பால்மீனுக்குத் தலை எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்றாள் பக்கத்துக் கடை ரோசெந்தா. ஏழு மாத வயிறு ஏப்ரனை முட்டிக்கொண்டிருக்க, அவள் கத்தி மட்டும் நிற்காமல் செதில் சீவிக்கொண்டிருந்தது. அண்ணன் முறை வைத்து அவனை மேனோங் என்றுதான் அந்த வரிசை முழுதும் அழைத்தது.

விடிவதற்குள் இரண்டு கோப்பைக் காப்பி குடித்தான். இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தான். ஆண்கள் பக்கம் ஆறு அறைகள், அது போக நீளமான சிறுநீர்த் தொட்டி ஒன்று. காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் பெண்கள் வரிசை கண்ணில் பட்டது. கோழிக் கடை தாண்டி, கருவாட்டுக் கடை தாண்டி நின்றது அது. இரண்டு கதவுகள். ஒன்றில் தண்ணீர் இழுக்கவில்லை. அந்த வரிசையை அவன் இதற்கு முன்பும் பலமுறை கடந்து போயிருக்கிறான். ஏதோ கூப்பன் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான்.

ஏழு மணிக்கு ரோசெந்தா, "கடையைக் கொஞ்சம் பாத்துக்குங்க மேனோங்" என்று ஓடினாள். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டாள். "இருபத்தி மூணு பேரு நிக்கறாங்க. வாடிக்கையெல்லாம் போயிடும்." எட்டு மணிக்கு இன்னொரு முறை போனாள், வந்தாள். எட்டரைக்கு ஒரு கிழவிக்குக் கானாங்கெளுத்தி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டாள். அவள் பூட்ஸைச் சுற்றித் தரை நனைந்தது. ரோசெந்தா கத்தியை வைத்தாள். தொட்டியிலிருந்து ஒரு குவளை மீன் தண்ணீரை மொண்டு தன் பாவாடையில் தானே ஊற்றிக்கொண்டாள். பிறகு மறுபடியும் வெட்டத் தொடங்கினாள். அந்த வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது அங்கே ஒரு மரியாதை என்று அவனுக்குப் புரிந்தது.

கிழவி போனபின் அவன் முகத்தைப் பார்க்காமலே ரோசெந்தா கேட்டாள். "நாங்க எல்லாரும் கறுப்புப் பாவாடை கட்டறது மீன் கறைக்காகன்னுதான் நினைச்சீங்களா, மேனோங்?"

திங்கட்கிழமை அலுவலகத்தில், மேசையில் அவனுக்காக ஒரு கட்டுத் தாள் காத்திருந்தது. சூறாவளியில் பாதிக் கூரை போன சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதோடு சேர்த்து, முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய கட்டட, குழாய் விதிகளையும் புதுப்பிக்கிறார்கள். வரைவைத் தட்டச்சு செய்கிற வேலை அவனுடையது. ஏழாம் அட்டவணை: பொதுச்சந்தை, ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு இரண்டு. சென்ற வாரம்தான் அதைப் பழைய புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தான். ஒவ்வொரு வருட ஆய்வு அறிக்கையிலும் அந்த எண்ணையே எழுதிவந்தவனும் அவன்தான்.

அவன் 'இரண்டு' என்பதை அழித்துப் 'பதினாறு' என்று அடித்தான்.

சாயங்காலத்துக்குள் எஞ்சினியர் பெரால்தா கூப்பிட்டுவிட்டார். நகராட்சியின் தலைமைப் பொறியாளர், கெட்ட மனிதரில்லை. ஊழியர்களின் பிள்ளைகள் ஞானஸ்நானத்துக்கு மறக்காமல் வருகிறவர்.

"இது என்னப்பா பதினாறு? தட்டச்சுப் பிழையா?"

"இல்ல சார். மீன் பகுதியில மட்டும் நூத்தி எழுபத்தாறு பொம்பளைங்க இருக்காங்க. எண்ணிட்டு வந்தேன்."

"கூடுதலாப் பதினாலு கக்கூஸ்னா பன்னெண்டு கடை போச்சு. மேயர்கிட்ட யார் சொல்றது, நீயா? சந்தைன்னா சுமைக்காரன், கசாப்புக்காரன், வண்டிக்காரன். அதுக்குத்தான் ஆறு. பொம்பளைங்களுக்கு வீடு பக்கத்துலதானே இருக்கு?"

"கடையை விட்டுட்டு எப்படி சார் வீட்டுக்கு..."

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு மனு வந்திருக்கா? ஒரு பொம்பளை வந்து கேட்டிருக்காளா? கேக்காததை எல்லாம் நாம எதுக்கு எழுதணும்?" என்றார் பெரால்தா. சிவப்பு மையில் பதினாறை அடித்து இரண்டாக்கினார். "புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. வேணுங்கறவங்க வந்து சொல்லட்டும். உன்னை மாதிரி ஆபீஸ் ஆளு வாயைத் திறக்கக் கூடாது, தெரியுமில்ல?"

தெரியும். கூட்ட அறிவிப்பு நகராட்சியின் இரண்டாவது மாடியில், ஆங்கிலத்தில் ஒட்டப்பட்டிருந்தது. புதன்கிழமை ஒன்பது மணி, சந்தையில் ஒருவரும் தலை நிமிர முடியாத நேரம்.

அன்று சாப்பாட்டில் இருவரும் கை வைக்கவில்லை.

"நீ வந்து பேசணும், லியோனிலா."

"என்னன்னு? கவுன்சிலருங்க முன்னாடி நின்னு, எனக்கு ஒண்ணுக்கு வருதுங்கன்னா?"

"உண்மையைத்தானே சொல்லப் போற."

"அப்ப நீ சொல்லு. உன் பேனா, உன் அட்டவணை."

"நான் பேசினா வேலை..."

"உனக்கு வேலை போயிடும். எனக்கு மானம் போனாப் பரவாயில்ல, இல்லியா?" அவள் தட்டை நகர்த்தினாள். "பதினாலு வருஷமா அந்த ரெண்டை எழுதினது யாரு?"

அவன் தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

புதன்கிழமை ஒன்பதே காலுக்குச் சபை அறையின் கதவு திறந்தது. பத்துப் பெண்கள், ஏப்ரனும் பூட்ஸுமாக உள்ளே வந்தார்கள். மீன் வாடை அவர்களுக்கு முன்னால் வந்தது. ஒரு கவுன்சிலர் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். காய்ச்சல் முழுதாக விடாத லியோனிலா ஒலிபெருக்கியின் முன் போய் நின்றாள்.

"ஏழாவது அட்டவணையைப் பத்திப் பேச வந்திருக்கோம். பொம்பளைங்களுக்கு ரெண்டு பத்தாது."

"என்ன ரெண்டு?" என்று கேட்டார் தலைமை வகித்த கவுன்சிலர் சல்வானியா. தெரியாமல் கேட்கவில்லை. அறையில் சிரிப்பு எழுந்தது. சபையிலிருந்த ஒரே பெண் கவுன்சிலரும் சிரித்தார். "மானாங், இதையெல்லாம் சபையில பேசணுமா? கூச்சமா இல்லையா?" என்றார். அக்கா என்று மரியாதையாகவே அழைத்தார்.

"கூச்சமாத்தான் இருக்கு, மேடம்," என்றாள் லியோனிலா. "நீங்க காலையிலேருந்து எத்தனை தடவை போனீங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"சொல்ல வேண்டாம். உங்க அறைக்குப் பின்னாடியே ஒண்ணு இருக்கு, நான் வர்றப்பப் பாத்தேன். எங்களுக்கு ரெண்டு, அதுல ஒண்ணு ஓடாது. அதனால தண்ணி குடிக்கறதில்ல. அப்படியும் அடக்க முடியாமப் போனா, மீன் தண்ணியை மேல ஊத்திக்கறோம். உங்க வீட்டுக்கு வர்ற மீனை வெட்டற கைதான் அதையும் பண்ணுது." அவள் ஒலிபெருக்கியை விட்டு நகர்ந்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல் திரும்பி வந்தாள். "எனக்குச் சிறுநீரகம் கெட்டுப் போச்சு. ரோசெந்தாவுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல குழந்தை. அவ்வளவுதான்."

சல்வானியா தொண்டையைச் செருமினார். "தொழில்நுட்பக் கருத்து என்ன? குழாய் ஆய்வாளர் இருக்காரா?"

அமான்சியோ எழுந்தான். பெரால்தா அவனைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். அந்தச் சின்னச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"விதிப்படி ரெண்டுதான், சார்."

"போதுமா, போதாதா?"

மனைவியின் பூட்ஸ்தான் அவன் கண்ணில் பட்டது. வலது பூட்ஸின் ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

"போதாது, சார். பதினாலு வருஷமா அந்த நம்பரை நான்தான் எழுதறேன். போன சனிக்கிழமை வரைக்கும் ஒருநாளும் போய் எண்ணிப் பார்த்ததில்ல. என் மேலதான் தப்பு. பதினாறு வேணும்."

இரண்டு மாதம் கழித்து விதிகள் நிறைவேறின. ஏழாம் அட்டவணை, பொதுச்சந்தை, பெண்களுக்குப் பதினாறு. வானொலியில் மேயர் பேசினார். இந்தத் தீவிலேயே முதல் நகரம் என்றார். ரோசெந்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெண்கள் நூடுல்ஸ் சமைத்து நகராட்சிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெரால்தாவும் சாப்பிட்டார், "நல்லாயிருக்கு" என்றார். அமான்சியோவை மட்டும் குப்பைக் கிடங்கின் கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். காலியிடம் நிரம்பவில்லை என்பதால் சந்தைப் பக்க ஆய்வையும் அவன் தலையிலேயே கட்டினார்கள்; புதுச் சந்தை கட்டும் இடத்துக்கு மட்டும் அவனை அனுப்பவில்லை.

ஒரு வருடம் கழித்துப் புதுச் சந்தை திறந்தது. பாதிரியார் புனிதநீர் தெளித்தார், மேயர் ரிப்பன் வெட்டினார். பளபளக்கும் ஓடு பதித்த தரை. லியோனிலா நேரே பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

ஆண்களுக்கு ஆறு. பெண்களுக்கு இரண்டு.

அமான்சியோ அலுவலகத்துக்கு ஓடினான். பெரால்தா கோப்பைத் திறந்தே வைத்திருந்தார். "கடைசிப் பிரிவைப் படிக்கலையா? புது விதி அமலுக்கு வந்த பிறகு அனுமதி கேட்கிற கட்டடத்துக்குத்தான் பொருந்தும். சந்தைக்கு அனுமதி கேட்டது அதுக்குப் பதினோரு நாள் முந்தி." சட்டத்தை மீறியவர் குரல் அதில் இல்லை. மீறவுமில்லை. அந்தக் கடைசிப் பிரிவையும் அமான்சியோதான் தட்டச்சு செய்திருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லியோனிலா ஆண்கள் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் முப்பது பேர்.

"மானாங், இது ஆம்பளைங்களுக்கு!" என்று ஒரு சுமைக்காரன் வழி மறித்தான்.

"எனக்கும் படிக்கத் தெரியும்பா. உனக்குத் தொட்டி இருக்கில்ல, அந்தப் பக்கம் போ."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஒரு வாரத்தில் அது பழக்கமாயிற்று. தொட்டிப் பக்கம் ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். ஆறு அறைகளும் பெண்களுடையவை ஆயின. இரண்டாவது வாரம் சந்தைக் கண்காணிப்பாளர் புகார் எழுதினார். பெரால்தா அமான்சியோவிடம் ஒரு படிவக் கட்டைக் கொடுத்தார்.

"விதி மீறல் அறிக்கை. யார் யார் தப்பான கழிப்பறைக்குப் போறாங்களோ, பேரு எழுதிட்டு வா. பேரு வேணும், கூட்டம்னு எழுதக் கூடாது. முதல்ல யார் பேரு வருதுன்னு பாக்கறேன்."

அமான்சியோ சந்தைக்குப் போனான். மீன் பகுதியின் நடுவில் கவிழ்த்துப் போட்ட ஒரு மீன் தொட்டியின் மேல் உட்கார்ந்தான். படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, எதற்கு வந்தான் என்பதைச் சொன்னான்.

கத்திகள் நின்றன. பனிக்கட்டி உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லியோனிலா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எழுது. லியோனிலா தோமாகாஸ். முழுசா எழுது. உன் பொண்டாட்டின்னு போட வேண்டாம், மீன் கடை எண் நாப்பத்தொண்ணுன்னு போடு."

அவன் எழுதினான். நிமிர்ந்தபோது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசெந்தா நின்றிருந்தாள். "ரோசெந்தா பினியெரோ. ஒரு நாளைக்கு நாலு தடவை. அதுக்குக் கட்டம் இருக்கா, மேனோங்?"

அவளுக்குப் பின்னால் கோழிக் கடைக்காரி. அவளுக்குப் பின்னால் கருவாட்டுக் கடையின் இரண்டு சகோதரிகள். காய்கறிப் பகுதியிலிருந்தும் வந்தார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வாடிக்கைக்காரர்களைக் காக்கவைத்துவிட்டு, ஒவ்வொருத்தியும் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பெயரைத் தப்பாக எழுதினால் திருத்தச் சொன்னாள்.

ஒரு படிவத்தில் பத்துக் கோடுகள். அவன் கொண்டுவந்தது பன்னிரண்டு படிவம். கடைசிக் கோடும் நிறைந்தபோது வரிசை இன்னும் கசாப்புப் பகுதி வரை நின்றது.

"தாள் தீந்துபோச்சு," என்றான் அமான்சியோ.

"ஆபீஸ்ல இருக்குமில்ல?" என்றாள் அடுத்து நின்றவள். "போய் எடுத்துட்டு வாங்க. நாங்க இங்கேயேதான் நிப்போம்."